வீட்டுத் தோட்டத்தில் களையும் பூச்செடியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் இரண்டுதான். முளைத்திருப்பதைப் பிடுங்குவதா, விடுவதா? பிடுங்கிய இடத்தில் எந்தப் பூச்செடியை வைப்பது? திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியதிலிருந்து சிக்கலானது வரை இங்கே தொகுத்திருக்கிறேன். உறைபனி விழாத வெப்பப் பகுதித் தோட்டங்களை மனத்தில் கொண்டு இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

1. தானாக முளைத்ததெல்லாம் களைதானா? எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டுமா?

வேண்டாம். ஒரு செடி எப்படி வந்தது என்பதை வைத்து அதன் குணத்தைத் தீர்மானிக்க முடியாது. அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, தொட்டாலோ தின்றாலோ என்ன விளைகிறது, பக்கத்துச் செடிக்கு வெளிச்சத்தையும் நீரையும் விட்டுவைக்கிறதா என்பவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் யாரும் நடுவதில்லை. ஆனால் தேனீக்களும் சிறு பட்டாம்பூச்சிகளும் அவற்றை நாடி வருகின்றன, வேண்டாமென்று தோன்றினால் ஈரமண்ணில் பெரிய சிரமமின்றிக் கையோடு வந்துவிடுகின்றன. வேலியோரத்தில் அவை இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் கருத்து. நெருஞ்சி அப்படியல்ல, அதன் முள்காய்கள் முற்றி உதிர்வதற்கு முன்பே அதை எடுத்துவிட வேண்டும். பணம் கொடுத்து வாங்கி நட்ட செடியே தோட்டத்தை விழுங்கிவிடும் நிலையும் உண்டு. அதை 6ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

2. இப்போதுதான் இரண்டு இலை விட்டிருக்கிறது. இந்த நிலையில் எது களை என்று எப்படித் தெரியும்?

முதலில் தோன்றும் இரண்டு இலைகள் விதையிலைகள். அவை பல செடிகளில் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருப்பதால் அவற்றைக் கொண்டு அடையாளம் காண்பது கடினம். அதற்குப் பின் வரும் மூன்றாவது, நான்காவது இலைகளில்தான் செடியின் உண்மையான முகம் தெரியும். அதுவரை பொறுத்திருப்பதால் எந்த நட்டமும் இல்லை. நீங்களே விதை தூவிய பாத்தியாக இருந்தால், அதே விதையில் நான்கைந்தைக் களை விதை இல்லாத மண் நிரப்பிய ஒரு தொட்டியில் தனியாக விதைத்து வையுங்கள். தொட்டியில் முளைத்ததைப் பாத்தியில் முளைத்ததோடு ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

இலை மட்டும் போதாதபோது வேறு மூன்று சோதனைகள் கைகொடுக்கும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்: முக்கோணமாக இருந்தால் அது புல் அல்ல, கோரை இனம். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள்: செண்டுமல்லி, துளசி போன்றவற்றின் மணம் இளம் பருவத்திலேயே தெரியும். தண்டை ஒடித்துப் பாருங்கள்: தரையோடு படரும் பருப்புக்கீரையையும் அதைப் போலவே படரும் சில அம்மான் பச்சரிசி வகைகளையும் பிரித்தறிய இதுவே எளிய வழி, பின்னதில் வெள்ளைப் பால் வடியும், முன்னதில் வடியாது. ஆனால் பால் வடியும் செடியைத் தொட்ட கையோடு கண்ணைத் தேய்க்கக் கூடாது.

3. பார்த்தீனியமும் சாமந்திக் கன்றும் ஒரே மாதிரி இருக்கின்றனவே?

இளம் பருவத்தில் இந்தக் குழப்பம் இயல்பானது, ஏனெனில் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பார்த்தீனியத்தின் முதல் இலைகள் தண்டு எழாமல் தரையோடு வட்டமாக விரிந்து கிடக்கும். இலை ஆழமாகப் பிளவுபட்டு, காரட் இலையை நினைவூட்டும்; மேலே மெல்லிய ரோமம் இருப்பதால் பச்சை நிறம் சற்று வெளிறித் தெரியும். சாமந்தி இலை அதைவிடத் தடிப்பானது, பிளவுகள் அகலமானவை, கசக்கினால் சாமந்திக்கே உரிய மணம் எழும். செண்டுமல்லியில் ஒவ்வோர் இலையும் பல்விளிம்புள்ள சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். தண்டு எழுந்த பின் ஐயத்துக்கு இடமில்லை: பார்த்தீனியத்தின் தண்டில் நீளவாக்கில் வரிகள் ஓடும், கிளை நுனிகளில் சிறிய வெள்ளைப் பூக்கள் கொத்தாக நிற்கும்.

அந்த வெள்ளைப் பூ வரும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்வது, அதுவே செடிக்குச் சாதகமாகவும் முடிகிறது. முளைத்து ஓரிரு மாதங்களுக்குள் பூக்கத் தொடங்கும் இச்செடி, நன்கு வளர்ந்தால் ஒன்றே 10,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக் கூடியது. ஆகவே வட்ட இலைப் பருவத்திலேயே, மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு எடுக்க வேண்டும். மேலே அரிவாளால் அறுத்தால் கழுத்துப் பகுதியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். தொட்டவர்கள் எல்லாருக்கும் உடனே அரிப்பு வருவதில்லை. பலமுறை தொட்ட பிறகே உடல் எதிர்க்கத் தொடங்கும் ஒவ்வாமை இது. எனவே "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று வெறுங்கையால் பிடுங்குவது நல்லதல்ல.

4. பிடுங்குவதற்கு ஏற்ற நேரம் என்று ஒன்று உண்டா?

உண்டு. மழைக்கோ நீர்ப்பாய்ச்சலுக்கோ மறுநாள், பூப்பதற்கு முன். மண் காய்ந்திருந்தால் தண்டு அறுந்து வேர் உள்ளேயே தங்கிவிடும். கொத்தியால் மேலாகச் சுரண்டி எடுக்கும் சிறு நாற்றுகளுக்கு மட்டும் இதற்கு நேர்மாறான வேளை வேண்டும்: வெயில் ஏறிய காய்ந்த மண்ணில் சுரண்டிப் போட்டால், மாலைக்குள் அவை வாடிவிடும்.

5. கோரையை எத்தனை முறை பிடுங்கினாலும் முன்னைவிட அதிகமாக வருகிறது. ஏன்?

நீங்கள் பிடுங்குவது கோரையின் மேற்பகுதியை மட்டுமே. தரைக்குக் கீழே மெல்லிய தண்டுகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட கிழங்குகள் தொடர் தொடராக இருக்கின்றன. அத்தொடரில் முனையில் உள்ள கிழங்கு முளைத்து வளரும்போது, மற்றவை பெரும்பாலும் உறக்கத்தில் இருக்கும். மண்வெட்டியால் ஆழக் கொத்தும்போது தொடர் துண்டுபடுகிறது. அதுவரை உறங்கிய கிழங்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கத் தொடங்குகின்றன. ஒரு முறை கொத்திவிட்டு விட்டுவிடுவதால்தான் முன்னைவிட அதிகமாகத் தெரிகிறது. ஒரே கிழங்கில் பல முளைக்கண்கள் இருப்பதால், முதல் முளையைக் கிள்ளினாலும் அடுத்தது எழும்.

இதற்கு இரண்டு வழிகள் பயன் தருகின்றன. கிழங்குகளில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 செ.மீ. ஆழத்துக்குள் இருப்பதால், சிறிய பாத்தியாக இருந்தால் கோடையில் அந்த மண்ணைத் தோண்டிச் சலித்து, கிழங்குகளைப் பொறுக்கி எடுத்துவிடலாம். அல்லது மண்ணைப் புரட்டிப் பல நாட்கள் கடும் வெயிலில் காயப்போடலாம், ஏனெனில் ஈரம் முற்றிலும் இழந்த கிழங்கு முளைக்காது. பெரிய இடமாக இருந்தால், இலை தலைகாட்டும்போதெல்லாம், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது, தவறாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இலை உணவு தயாரித்துக் கிழங்குக்கு அனுப்ப இடம் கொடுக்காவிட்டால் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்தே ஆக வேண்டும். இது சில மாதங்களில் முடிகிற வேலையல்ல, ஒன்றிரண்டு பருவங்கள் ஆகும்.

பிளாஸ்டிக் தாளை விரித்தால் போதாதா என்று கேட்பார்கள். மெல்லிய தாளைக் கோரையின் கூர்முளை துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நிழல்தான் அதற்கு உண்மையான எதிரி. அடர்ந்து வளரும் பூச்செடிகள் அந்த மண்ணுக்கு வெளிச்சம் விழாமல் மூடிவிட்டால் கோரை கண்கூடாக மெலிந்துவிடும்.

6. பூ இவ்வளவு அழகாக இருக்கிறது. இதைப் போய் ஏன் பிடுங்கச் சொல்கிறீர்கள்?

பெரும்பாலும் உண்ணிச்செடியையோ ஆகாயத் தாமரையையோ, தரையில் படர்ந்து மஞ்சளாகப் பூக்கும் வெடிலியாவையோ வைத்திருப்பவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். மூன்றும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து அழகுக்காகவே உலகெங்கும் கொண்டு செல்லப்பட்டவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு 2000-இல் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் மூன்றுமே இடம்பெற்றுள்ளன. தெருவோரம் நிழலுக்காக நடப்படும், செம்மஞ்சள் பூ விடும் ஆப்பிரிக்கத் துலிப் மரமும் அப்பட்டியலில் உண்டு.

அழகு உங்கள் வேலிக்குள் இருக்கிறது, கேடு அதற்கு வெளியே போகிறது. உண்ணிச்செடியின் கனியைத் தின்ற பறவை விதையைக் காட்டில் போடும். அங்கே அது புதராகி மற்றச் செடிகளை எழவிடாது. வெடிலியா ஒவ்வொரு கணுவிலும் வேர்விடுவதால், கத்தரித்து வெளியே எறிந்த துண்டே புதிய செடியாகிவிடும். ஆகாயத் தாமரை ஏற்ற நீரில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இரட்டிப்பாகக் கூடியது. தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குப் போய்விட்டால் அதை மீட்க முடியாது. விதை பிடிக்காத உண்ணிச்செடி வகைகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றிலும் சிலவற்றின் மகரந்தம் அருகிலுள்ள காட்டுவகையோடு கலந்துவிடும் என்பதால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

7. உப்பு, வினிகர், கொதிக்கும் தண்ணீர், இவற்றை ஊற்றினால் களை சாகாதா?

உப்பை ஒருபோதும் போடாதீர்கள். களை சாகும், அதன்பின் அந்த மண்ணில் பூச்செடியும் வராது. வீட்டு வினிகரில் இருக்கும் சுமார் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் பட்ட இலையை மட்டும் எரிக்கும்; இளம் நாற்றுக்கு அது போதும், கிழங்கும் ஆணிவேரும் உள்ள செடிக்கு ஒன்றும் ஆகாது. நடைபாதைக் கல் இடுக்கில் முளைப்பவற்றுக்குக் கொதிநீர் நல்ல வழிதான், ஆனால் காலில் கொட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. அப்படியானால் களைக்கொல்லி அடித்துவிடலாமா?

வீட்டு முற்றத்துக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மிகுதியாகப் பயன்படும் கிளைபோசேட், பச்சை இலை எதில் பட்டாலும் உள்ளே இறங்கும். காற்றில் சிதறிய துளி ரோஜா இலையில் விழுந்தால் ரோஜாவுக்கும் அதே கதிதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற வகையில் சேர்த்தது. வேறு சில அரசு முகமைகள் அம்முடிவை ஏற்கவில்லை. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், குழந்தைகள் விளையாடும் நான்கு பாத்திகளுக்குக் கையும் கொத்தியும் போதும்.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடாமல், உலர்ந்த இலையையோ வைக்கோலையோ 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பி வைத்தால், முளைக்க வெளிச்சம் தேவைப்படும் சிறு விதைகளில் பெரும்பகுதி உறங்கியே கிடக்கும். மூடாக்கு செடியின் தண்டைத் தொடக் கூடாது. தொட்டால் தண்டு அழுகும்.

9. பிடுங்கிய களையை உரக்குழியில் போடலாமா?

பூக்காத, கிழங்கில்லாத களையைத் தாராளமாகப் போடலாம். விதை பிடித்ததைப் போடுவதற்குக் குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியசுக்கு மேல் பல நாட்கள் சூடாகி, அதைப் பலமுறை புரட்டியும் விட வேண்டும். சமையலறைக் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் வீட்டுக் குழிகளில் அந்தச் சூடு வருவதில்லை. விதைகள் பிழைத்து, உரத்தோடு சேர்ந்து பூந்தொட்டிக்கே திரும்பிவிடும். கோரைக் கிழங்கை எந்த நிலையிலும் குழியில் போட வேண்டாம். சரியாக மட்காத சாணத்தைப் போட்டபின் களை பெருகுவதற்கும் காரணம் இதுவே: மாடு தின்ற விதைகள் பலவும் சாகாமல் வெளியே வருகின்றன.

10. செம்பருத்தி மேல் மஞ்சள் நூலைக் கொட்டி வைத்ததுபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. அது என்ன?

அது இலையில்லாத ஒட்டுண்ணிக் கொடி. மண்ணில் முளைத்து, ஒரு செடியைப் பற்றியதும் தன் வேரை விட்டுவிட்டு, பற்றிய செடியின் சாற்றையே உறிஞ்சி வாழும். நூலை மட்டும் உருவி எடுத்தால் ஒட்டியிருக்கும் துண்டு மறுபடி வளரும். அது சுற்றிய கிளைகளைக் கூச்சம் பார்க்காமல் வெட்டி, உலர்த்தி அழித்துவிட வேண்டும். பூத்து விதைத்துவிட்டால் அந்த விதை பத்தாண்டுகள்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும்.

மரக்கிளையில் வேறு வகை இலையோடு ஒரு கொத்து தெரிந்தால் அது புல்லுருவி. பறவையின் எச்சத்தில் ஒட்டிக்கொண்டு வந்த விதையிலிருந்து முளைப்பது. ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே கிளையையே வெட்ட வேண்டும்.

11. முதன்முதலாகப் பூச்செடி வைக்கிறேன். எதில் தொடங்கலாம்?

செடியின் பெயரைக் கேட்பதற்கு முன், வைக்கப் போகும் இடத்தில் நேர்வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் முழுவதும் கவனித்துப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் விழுந்தால் செம்பருத்தி, மல்லிகை, ரோஜா, காகிதப்பூ, செண்டுமல்லி, ஜின்னியா, வாடாமல்லி என எதையும் வைக்கலாம். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்குக் காசித்தும்பையும் நந்தியாவட்டையும் ஒத்துவரும். வெயிலே படாத மூலையில் பூவை எதிர்பார்த்து ஏமாறுவதைவிட, இலையழகுச் செடிகளை வைப்பது மேல்.

வெட்சி எனப்படும் இட்லிப்பூச் செடிக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. அது அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்புவது. சிமெண்டுச் சுவரை ஒட்டி நட்டால் சுண்ணாம்பு கசிந்து மண் காரமாகி, செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளித்துப் போகும். அதற்கு நீர் கூட்டுவதாலோ குறைப்பதாலோ பயனில்லை.

12. நர்சரியில் செடி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முழுவதும் பூத்து நிற்பதைவிட மொட்டுகள் உள்ள, உயரம் குறைவாகவும் பக்கக்கிளை அதிகமாகவும் இருக்கும் செடியைத் தேர்ந்தெடுங்கள். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் அங்கேதான் ஒளிந்திருக்கும், செம்பருத்தியில் இதைத் தவறவே விடக் கூடாது. பையின் அடியில் வேர் வட்டமடித்துச் சுற்றியிருந்தால் அது நெடுநாள் அங்கேயே இருந்த செடி. கடைசியாக, பலரும் பார்க்காத ஒன்று: பையின் மேல்மண்ணில் கோரை தெரிகிறதா? தெரிந்தால், செடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 5ஆம் விடையில் சொன்ன தொல்லை பெரும்பாலான தோட்டங்களுக்குள் நுழைவது இப்படித்தான்.

13. செடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை. ஏன்?

தளதளப்பே பெரும்பாலும் காரணம். தழைச்சத்து மிகுந்த உரம் இலையை வளர்க்கும், பூவைப் பின்னுக்குத் தள்ளும். காகிதப்பூவில் இது நன்றாகத் தெரியும்: நாள்தோறும் நீரும் தாராளமாக உரமும் பெற்ற செடி நீண்ட பச்சைக் கொம்புகளாக ஓடும், மண் காய்ந்த பிறகே நீர் பெறும் செடி நிறம் காட்டும். மல்லிகை புதுத்தளிர்களில் பூப்பது என்பதால், பூத்து ஓய்ந்த பின் கவாத்து செய்யாவிட்டால் அடுத்த முறை பூ குறையும். இவை இரண்டும் சரியாக இருந்தால், 11ஆம் விடையில் சொன்ன வெயில் கணக்கை மறுபடி பாருங்கள். பக்கத்து மரம் வளர்ந்து நிழலைக் கூட்டியிருக்கலாம்.

14. வீட்டில் சிறு குழந்தையும் பூனையும் இருக்கின்றன. எவற்றை வைக்கக் கூடாது?

அரளியும் மஞ்சள் அரளியும் முதலிடத்தில் நிற்கின்றன. இவற்றின் எல்லாப் பகுதிகளிலும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நச்சு உண்டு. மஞ்சள் அரளியின் விதை உயிரையே எடுத்துவிடும். வெட்டிய அரளிக் கிளையை எரிக்கவும் கூடாது, புகையும் கேடானது. ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு விதை, செங்காந்தள் கிழங்கு ஆகியவையும் அவ்வாறே. இரவு ராணியை மல்லிகையின் உறவு என்று எண்ணி வைப்பவர்கள் உண்டு. அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் கனிகள் நச்சுடையவை. தொட்டிகளில் வைக்கும் டிஃபன்பேக்கியாவின் இலையைக் கடித்தால் அதிலுள்ள ஊசிப் படிகங்கள் வாயையும் தொண்டையையும் வீங்கச் செய்யும். யூபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் கடுமையான புண்ணாகும்.

பூனைக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு. உண்மையான லில்லியும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தைச் சில நாட்களில் செயலிழக்கச் செய்யக் கூடியவை. மேலில் படிந்த மகரந்தத்தை நக்கினாலே போதும். செம்பருத்தி, மல்லிகை, ரோஜா, ஜின்னியா, வாடாமல்லி ஆகியவற்றை அச்சமின்றி வைக்கலாம். யாராவது ஐயத்துக்குரிய எதையாவது தின்றுவிட்டால், வாந்தி வரவழைக்க முயலாமல், செடியின் ஒரு கிளையோடு உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

15. வாசனைப் பூச்செடி வைத்தால் பாம்பு வரும் என்கிறார்களே?

பூவின் மணத்துக்குப் பாம்பு வருவதில்லை. எலியும் தவளையும் இருக்கும் இடத்துக்கு, ஒளிந்துகொள்ளப் புதர் இருந்தால் வரும். செடியின் அடிக்கிளைகளை ஓர் அடி உயரம் வரை கழித்து, கீழே தரை தெரியும்படி வைத்திருந்தால் மனோரஞ்சிதமும் பவழமல்லியும் தாராளமாக வளரலாம்.

16. பட்டாம்பூச்சி வர வேண்டும். ஆனால் உண்ணிச்செடி வேண்டாம் என்றால் வேறு எதை வைப்பது?

வெட்சி, பென்டாஸ், ஜின்னியா ஆகிய மூன்றும் அந்த இடத்தை நன்றாகவே நிரப்பும். வாங்கும்போது ஒற்றையடுக்குப் பூ விடும் வகையைக் கேளுங்கள். அடுக்கடுக்காக இதழ் உள்ள வகைகள் பலவற்றில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருப்பதால், தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் அவற்றில் கிடைப்பது சொற்பம்.

தேன் மட்டும் போதாது, புழுவுக்கு இலையும் வேண்டும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு எருக்கிலையைத் தின்று வளர்கிறது; கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வேறு சில அழகான வகைகள் முட்டையிடுகின்றன. எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு என்பதால், 14ஆம் விடை பொருந்தும் வீடுகளில் எருக்கைத் தவிர்த்துக் கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

17. எனக்குப் பார்த்தீனிய ஒவ்வாமை உண்டு. சாமந்தி வளர்க்கலாமா?

கவனம் தேவை. 3ஆம் விடையில் சொன்னபடி இரண்டும் ஒரே குடும்பம். பார்த்தீனியத்துக்கு ஒவ்வாமை வந்துவிட்ட உடல், சாமந்தி, சூரியகாந்தி போன்ற உறவுச் செடிகளிலுள்ள ஒத்த வேதிப்பொருள்களையும் எதிர்க்கக் கூடும். எல்லாருக்கும் அப்படி நேர்வதில்லை. தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொண்டால் எது ஆகும், எது ஆகாது என்று தெளிவாகத் தெரியும். அதுவரை செம்பருத்தி, மல்லிகை, வெட்சி போன்ற வேறு குடும்பச் செடிகளோடு இருங்கள்.

18. நான் ஆசையாக நட்ட நித்தியகல்யாணியே இப்போது எங்கு பார்த்தாலும் முளைக்கிறது. இதுவும் களையாகிவிட்டதா?

1ஆம் விடையில் சொன்ன அளவுகோல்களை இதற்கும் வைத்துப் பாருங்கள். நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. விதையால் எளிதில் பரவுகிறது, தின்றால் நச்சு. ஆனால் வேர் எளிதில் வந்துவிடும், மற்றச் செடிகள்மீது ஏறாது, வறட்சியிலும் பூக்கும். சுற்றுப்புறத்தில் மணற்பாங்கான திறந்த நிலமோ கடற்கரையோ இருந்தால் அங்கே பரவ விடக் கூடாது. மற்றபடி வேண்டாத நாற்றுகளைக் கழித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். கலப்பின வகையை வாங்கியிருந்தால், தானாக முளைத்தவை தாய்ச்செடியின் நிறத்திலேயே பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பரவலைக் குறைக்க, இரட்டையாக நிற்கும் மெல்லிய காய்கள் பழுப்பாகி வெடிப்பதற்கு முன் வாரம் ஒரு முறை கிள்ளி எடுத்தால் போதும். அந்திமந்தாரைக்கு இந்த முறை பாதிதான் உதவும், அதன் வேர் தடித்துக் கிழங்காகிவிடுவதால் கருப்பு விதைகளைப் பொறுக்கிய பின்பும் பழைய செடி தானே துளிர்க்கும். வேண்டாமென்றால் அந்தக் கிழங்கையும் முழுதாகத் தோண்டி எடுக்க வேண்டும்.